மண்ணுக்குள் போட்ட எரிவாயுக் குழாயை முழுதாக மாற்றித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
பராமரிப்புப் பகுதியினரும் குசினிப் பொறுப்பாளர்களும்,
கடற்கரை விடுதி, பாசிக்குடா, மட்டக்களப்பு.

பெறுநர்:
முகாமையாளர்,
குழாய்வழி எரிவாயு இணைப்புப் பிரிவு.

ஐயா,

சிலிண்டர் அறையிலிருந்து குசினி வரை உங்கள் நிறுவனம் போட்டுத் தந்த 30 மீற்றர் குழாயில் ஒரு மூட்டு (இணைப்பு) கசிந்ததால், அதைப் பாவிப்பதை நாங்கள் நிறுத்திவிட்டோம். நான்கு 37.5 கிலோ சிலிண்டர்களின் வால்வுகளும் அடைக்கப்பட்டுள்ளன. உங்கள் ஆள் வந்து, கசிந்த அந்த மூட்டை மட்டும் இறுக்கி, மேலே பிளாஸ்டிக் நாடா சுற்றிவிட்டு, இனிப் பாவிக்கலாம் என்று சொல்லிப் போனார். அதை எங்களால் ஏற்க முடியாது. மண்ணுக்குள் கிடக்கும் 18 மீற்றரும் அதே பொருளால், அதே முறையில் செய்யப்பட்டவை. இன்றைக்கு ஒரு மூட்டு விட்டது என்றால் மற்ற மூட்டுகளும் அதே வழியில்தான் நிற்கின்றன.

தோண்டிப் பார்த்ததில் கிடைத்தது தண்ணீருக்குப் போடும், துத்தநாகம் பூசிய முக்கால் அங்குல இரும்பு (ஜீ.ஐ.) பைப். ஆறு மீற்றருக்கு ஒன்றாகப் புரியிட்ட சொக்கெட்; புரியில் தும்பும் பெயின்டும். இந்தப் பைப்பின் சுவர் 2.6 மில்லிமீற்றர். புரி வெட்டும்போது அதில் 1.16 மில்லிமீற்றர் போய்விடும். மிச்சம் ஒன்றரை மில்லிமீற்றர்கூட இல்லை. துத்தநாகப் பூச்சும் அந்த இடத்தில் இல்லை. குழாயின் ஆக மெல்லிய இடமும் பூச்சே இல்லாத இடமும் ஒன்றாக அமைவது மூட்டில்தான். அந்த மூட்டை உப்பு மணலுக்குள் புதைத்திருக்கிறீர்கள். மாரியில் இங்கே ஒரு முழம் தோண்டினாலே தண்ணீர் காணும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அதே மணல் காய்ந்து காற்றை உள்ளே விடும். எப்போதும் நீருக்குள் கிடக்கும் இரும்பைவிட, இப்படி மாறி மாறி நனைந்து காயும் இரும்புதான் வேகமாகத் துருப்பிடிக்கும்.

இன்னொரு பிழையும் இருக்கிறது. குசினிக்குள் குழாயைக் கட்டடத்தின் எர்த் கம்பியோடு இணைத்திருக்கிறீர்கள்; இடையில் மின்காப்பு மூட்டு இல்லை. எர்த் கம்பி செம்பு. ஈர உப்பு மண்ணில் செம்பும் இரும்பும் இணைந்தால் அது ஒரு பற்றரி. அதில் கரைவது இரும்பு. இந்த நிலையில் நாடாவை அரைகுறையாகச் சுற்றினால் ஆபத்து கூடும். முன்பு குழாயின் முழுப் பரப்பிலும் பரவியிருந்த அரிப்பு, நாடாவில் விட்டுப்போன ஓர் ஊசித் துளையில் வந்து குவியும். நாடா சுற்றிய மூட்டை நாங்கள் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

நாடு விட்டு நாடு இயற்கை வாயுவைக் கொண்டுசெல்லும் பெரிய எஃகுக் குழாய்களுக்கும் எதிரி இதே துருதான். அங்கே தொழிற்சாலையிலேயே பூச்சுப் போட்டு, அதற்கு மேலும் மண்ணுக்குள் கதோட்டுப் பாதுகாப்பும் (சிறு மின்னோட்டத்தால் துருவைத் தடுக்கும் முறை) கொடுத்து, செம்பு–செம்புச் சல்பேற்று மின்வாயை வைத்து அளக்கும்போது குழாயின் மின்னழுத்தம் குறைந்தது மறை 850 மில்லிவோல்ற் காட்டுகிறதா என்று ஒழுங்காகப் பார்க்கிறார்கள். எங்கள் 18 மீற்றருக்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. துருவே பிடிக்காத, எரிவாயுக்கென்று செய்த பொலித்தீன் குழாய் போதும். மூட்டுகளைச் சூட்டால் உருக்கி ஒட்ட வேண்டும். நிலத்துக்கு மேலே வரும் இடத்தில் எஃகுக்கு மாற வேண்டும். வெயில் பட்டால் பொலித்தீன் கெடும். ஆழம் 60 சென்றிமீற்றர். குழாயோடு ஒரு செம்புக் கம்பியும் ஓட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு கருவி வைத்துத் தேடினாலும் குழாய் அகப்படாது. குழாய்க்கு 30 சென்றிமீற்றர் மேலே மஞ்சள் எச்சரிக்கை நாடா இருக்க வேண்டும். கான் வெட்ட வருபவரின் அலவாங்கு குழாயில் படுவதற்கு முன் நாடாவில் பட வேண்டும்.

பொலித்தீன் போடுவதற்கு முன் அமுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். நீங்கள் ரெகுலேட்டரை குசினிச் சுவருக்கு உள்ளே மட்டும் வைத்திருக்கிறீர்கள். ஆகவே சிலிண்டரின் முழு அமுக்கமும் 30 மீற்றர் ஓடிக் கட்டடத்துக்குள் நுழைகிறது. 30 பாகைச் சூட்டில் பியூட்டேன் மட்டும் என்றால் சிலிண்டருக்குள் அமுக்கம் ஏறக்குறைய 2 பார் (அமுக்க அலகு). புரொப்பேன் மட்டும் என்றால் 9 பாருக்கு மேல். கலவை மாறினால் உங்கள் குழாய் தாங்க வேண்டிய அமுக்கமும் மாறும். 2021 நொவெம்பர், டிசெம்பரில் நாடெங்கும் நடந்த எரிவாயுத் தீ விபத்துகளின்போது கலவைதான் பெரிய கேள்வியாக எழுந்தது. அதற்குப் பிறகும் ஒரு நிறுவனம் இதைக் கணக்கில் எடுக்காமல் குழாய் போடக்கூடாது. முதற்கட்ட ரெகுலேட்டர் சிலிண்டர் அறையிலேயே இருந்து ஒரு பார் அளவுக்குக் குறைக்க வேண்டும். இரண்டாவது, குசினிச் சுவருக்கு வெளியே இருந்து அடுப்புக்கு வேண்டிய சுமார் 30 மில்லிபாருக்கு இறக்க வேண்டும். அமுக்கம் மிஞ்சினால் தானாக அடைக்கும் வால்வும் அதோடு சேர வேண்டும்.

கையளிக்கும்போது நீங்கள் செய்த சோதனை பத்து நிமிடம். மானி 25 பார் வரை காட்டுவது, கோடுகள் ஒரு பாருக்கு ஒன்று. அரைப் பார் இறங்கினால் அதில் கண்ணுக்குத் தெரியாது. இந்தக் குழாய்க்குள் 11 லீற்றர் கொள்ளும். பத்து நிமிடத்தில் அரைப் பார் இறங்கினால் ஐந்தரை லீற்றர் வாயு வெளியேறியிருக்கிறது. மணிக்கு 33 லீற்றர். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே இந்த வாயு பற்றும். ஒரு கனமீற்றர் அலுமாரிக்கு 20 லீற்றர் போதும். அவ்வளவு பெரிய கசிவும் உங்கள் மானியில் "சரி" என்றுதான் வந்திருக்கும். நைதரசன் ஏற்றி, வேலை அமுக்கத்தைப் போல் ஒன்றரை மடங்கில், நுண்ணிய மானியோடு 24 மணிநேரம் வைத்துச் சோதியுங்கள். வெப்பநிலையையும் சேர்த்து எழுத வேண்டும். பத்துப் பாகை ஏறினால் தனி அமுக்கம் (வளிமண்டல அமுக்கமும் சேர்ந்தது) நூற்றுக்கு மூன்று கூடும். மத்தியான வெயில் ஒரு கசிவை மறைத்துவிடும்.

மணம் வருமே என்று உங்கள் ஆள் சொன்னார். வாயுவில் சேர்க்கும் மணப்பொருளை மண் உறிஞ்சிக்கொள்ளும்; நிலத்துக்கடியில் கசிந்து கான் வழியாகக் குசினிக்குள் வரும் வாயு மணக்காமலே வரலாம். அதனால்தான் கசிவுக் கருவி முக்கியம். அதை நீங்கள் கூரைக்கு அருகில் பூட்டியிருக்கிறீர்கள். இயற்கை வாயு காற்றைவிடப் பாரம் குறைந்தது, மேலே போகும். அதற்கு அந்த இடம் சரி. நீங்கள் எங்களுக்குத் தருவது சிலிண்டர் வாயு. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு பாரம். அது தரையில் படரும். கருவி தரையிலிருந்து 15 முதல் 30 சென்றிமீற்றர் உயரத்துக்குள் இருக்க வேண்டும். இப்போதுள்ள இடத்தில் அது அலறுவதற்குள் குசினி முழுதும் நிரம்பியிருக்கும்.

அந்தக் கருவியோடு இணைத்த மின்வால்வு மின்சாரம் கிடைத்தால்தான் மூடும். மாரிக் காற்றில் கரண்ட் போனால் அது திறந்தபடியே கிடக்கும். மின்சாரம் நின்றால் தானாக மூடும் வகையை மாட்டுங்கள். கையால் அடைக்கும் வால்வோ அடுப்புக்குப் பின்னால் இருக்கிறது. தீ அங்கே என்றால் யாரும் அதைத் தொட முடியாது. அது வெளிச்சுவரில் வர வேண்டும். மிகைப்பாய்வு வால்வு இருக்கிறது என்ற பதில் போதாது. குழாய் முறிந்தால்தான் அது மூடும். துருத் துளையின் கசிவு அதற்குத் தெரியாது.

வால்வு பற்றி நாங்கள் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2010 செப்டெம்பர் 9 அன்று கலிபோர்னியாவின் சான் புரூனோவில் 30 அங்குல இயற்கை வாயுக் குழாய் வெடித்தபோது, கையால் மூடும் வால்வுகளை அடைத்து வாயுவை நிறுத்த 95 நிமிடம் எடுத்தது. எட்டுப் பேர் இறந்தார்கள், 38 வீடுகள் அழிந்தன. 1956இல் போட்ட அந்தத் துண்டின் தையலில், அதாவது குழாயின் நீளவாட்டில் ஓடும் பற்றவைப்பில், குறை இருந்தது. நிறுவனத்தின் பதிவேட்டில் அது தையலே இல்லாத குழாய் என்று இருந்தது. எங்களிடமோ ஒரு வரைபடமே இல்லை. குழாய் எந்த ஆழத்தில், எந்த வழியாகப் போகிறது, எங்கே மூட்டு, யார் எப்போது சோதித்தார் என்பதை எழுத்தில் தாருங்கள். மட்டக்களப்பு நகரம் இங்கிருந்து 30 கிலோமீற்றருக்கு மேல். அங்கிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேரும்வரை எங்கள் கையில் இருப்பது அந்த ஒரு வால்வும் அந்த வரைபடமும்தான்.

14 நாட்களுக்குள் வேலையைத் தொடங்கும் திகதியை எழுத்தில் அறிவியுங்கள். செலவு உங்களுடையது. பதில் இல்லையென்றால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு இந்தக் கடிதமும் படங்களும் போகும்.

வெட்டிய குழியை நாங்கள் மூடவில்லை. சுற்றித் தகரம் அடித்து வைத்திருக்கிறோம். உங்கள் பொறியியலாளர் வந்து, அந்த நாடாவை அவிழ்த்து, மூட்டைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் மண் போடுவோம்.

இப்படிக்கு,
பராமரிப்புப் பகுதியினரும் குசினிப் பொறுப்பாளர்களும்