லூத்தர் கைவிடாத தியானம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, மௌனத் தியானம் கத்தோலிக்க மடங்களுக்கே உரியது என்றும், சீர்திருத்தச் (புராட்டஸ்டன்ட்) சபைகள் மடங்களோடு சேர்த்து அதையும் ஒதுக்கிவிட்டன என்றும் கூறியிருந்தது. பலரும் நம்பும் இக்கருத்துக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை.

16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் தம் தொடக்க ஆண்டுகளில் அச்சிட்ட நூல்களுள் ஒன்று, 14-ஆம் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒருவர் ஜெர்மன் மொழியில் எழுதிய மறைஞான நூலாகும் (கடவுளோடு ஒன்றுதலைப் பற்றியது). 1516-இல் அதன் ஒரு பகுதியையும் 1518-இல் முழுமையையும் பதிப்பித்த அவர், வேதாகமத்துக்கும் ஆதித் திருச்சபையின் இறையியலாளர் அகஸ்டினுக்கும் அடுத்தபடியாகத் தமக்கு இவ்வளவு கற்றுத்தந்த நூல் வேறில்லை என்று முன்னுரையில் எழுதினார். 1361-இல் மறைந்த தொமினிக்கன் துறவி டாவ்லரின் பிரசங்கங்களையும் பக்க ஓரங்களில் குறிப்பெழுதியபடி படித்தார்.

அவர் மறுத்ததும் உண்டு. கட்டுரையாளர் தடுமாறியது இங்கேதான் என்று கருதுகிறேன். 12-ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் குய்கோ, வாசிப்பு, தியானம், ஜெபம், கடவுளில் லயித்திருத்தல் என நான்கு படிகளைக் கொண்ட ஏணி ஒன்றை வகுத்திருந்தார். 1539-இல் லூத்தர் தம் ஜெர்மன் நூல்களின் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையிலோ ஜெபம், தியானம், சோதனை என்னும் மூன்றே உள்ளன. லயிப்பு இருந்த உச்சியில், துன்பம் வாட்டும்போது இறைவார்த்தையைப் பற்றிக்கொண்டு நிற்கும் அனுபவத்தை அவர் வைத்தார். மனிதன் படியேறிக் கடவுளை அடைய முடியாது, கடவுளே இறங்கி வருகிறார் என்பது அவருடைய துணிபு. ஆகவே அவர் தள்ளியது ஏணியை மட்டுமே. தியானம் நடுவில் அப்படியே நிலைத்தது.

அடுத்த நூற்றாண்டில் இந்த மரபு இன்னும் வலுப்பெற்றது. லுத்தரன் போதகர் யோகான் ஆர்ன்ட் 1605-இல் வெளியிடத் தொடங்கிய 'மெய்யான கிறிஸ்தவம்' டாவ்லரிடமிருந்தும் இடைக்கால இத்தாலிய மறைஞானி ஃபொலிஞோ ஆஞ்செலாவிடமிருந்தும் தாராளமாக எடுத்தாண்டது. ஆர்ன்டின் பிரசங்கத் தொகுப்புக்கு முன்னுரையாக 1675-இல் எழுதிய நூலில், இறையியல் மாணவர்கள் டாவ்லரையும் 'கிறிஸ்துவைப் பின்பற்றுதல்' நூலாசிரியரான துறவி தாமஸ் கெம்பிஸையும் படிக்க வேண்டும் என்று லுத்தரன் போதகர் ஸ்பேனர் பரிந்துரைத்தார். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, ஸ்பேனர் தொடங்கிவைத்த இந்தப் பக்தி இயக்கத்தில் உருவானவர்.

பெரிய வெள்ளியன்று நம் சபைகளில் பாடப்படும் 'இரத்தம் காயம் குத்தும்' என்ற பாடலையும் கட்டுரையாளர் நினைத்துப் பார்க்கலாம். அதன் மூலப்பாடல் ஓர் இடைக்கால லத்தீன் தியானக் கவிதை. சிலுவையில் தொங்குபவரின் பாதம், முழங்கால், கைகள், விலா, மார்பு, இதயம், முகம் என ஒவ்வொன்றின் முன்னும் நின்று அது உருகுகிறது. முகத்தைப் பாடும் பகுதியை லுத்தரன் போதகர் பவுல் கெர்ஹார்ட் 1656-இல் ஜெர்மன் பாட்டாக்கினார். மடத்துத் துறவியின் தனிமைத் தியானம் இவ்வாறு சபையார் அனைவரும் சேர்ந்து பாடும் பாட்டாயிற்று. என் பார்வையில் சீர்திருத்தம் தியானத்துக்குச் செய்த மிகப் பெரிய நன்மை இதுவே.

கட்டுரையின் அடுத்த பகுதியில் ஆர்ன்டுக்கும் கெர்ஹார்டுக்கும் உரிய இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், மயிலாடுதுறை