மாமாவின் மாருதி 800 காரை அவசரப்பட்டு விற்காதே

கோபிச்செட்டிபாளையம்,
ஞாயிறு பொழுதோட

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தப்பாமல் விடு. இங்கே தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டாயிற்று, ஆள்தான் கிடைப்பதில்லை.

மாமா ஓட்டின 800-ஐ விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தாய். ஒர்க்‌ஷாப்பில் நீட்டின லிஸ்டைப் பார்த்தே நீ பயந்துவிட்டாய் போல. அதில் பாதி என் வண்டியிலும் இருந்ததுதான், எல்லாம் வாசலிலேயே சரி செய்தேன். பழைய வண்டி நம்மை நச்சரிப்பது பெரும்பாலும் மூன்றே சங்கதியால்: அடைப்பு, துரு, காய்ந்துபோன ரப்பர். சாமான் வாங்குவதற்கு முன்னால் இந்த மூன்றையும் ஒருதரம் பார்த்துவிடு.

மழை பெய்தால் இடது பக்கம் கால் வைக்கிற இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்றாயே, வண்டி இன்னும் அந்தப் புங்கமரத்தடியில்தானே நிற்கிறது? முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் ஓரமாக, காற்று உள்ளே போவதற்குச் சல்லடைத் திறப்பு இருக்கும். அதில் விழுகிற மழைத்தண்ணீர் ஓரமாக இறங்கிப் போக வழி உண்டு. புங்கம்பூவும் இலையும் மக்கி அந்த வழியை அடைத்தால், தண்ணீர் தேங்கி ஏறி, காற்று வருகிற பாதையிலேயே உள்ளே இறங்கிவிடும். கையை விட்டு அள்ளிப் போட்டுவிட்டு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார். கீழே தரையில் வழிந்தால் சரி.

அப்புறம் கதவு. அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், குனிந்து பார்த்தால்தான் தெரியும். கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கும் தண்ணீர் வெளியே போகத்தான் அவை. என் வண்டியில் சீமாத்துக் குச்சியை விட்டுக் குத்தினதும் முதலில் கறுப்பாகச் சேறு வந்தது, பின்னாலேயே ஒரு சொம்பு தண்ணீர் கொட்டியது. பிரேக் போடும்போதெல்லாம் கதவுக்குள் ‘சளக் சளக்’ என்று கேட்டது அத்தோடு நின்றது. கம்பியால் மட்டும் குத்தாதே. பெயின்ட் பெயர்ந்தால் அங்கேயே துரு கட்டும்.

பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக மினுக்குகிறது என்று எழுதியிருந்தாய். அதற்கு முழு லைட் செட் மாற்றச் சொன்னார்களா? நல்ல கூத்து! முதலில் எர்த்தை, அதாவது கரண்ட் பாடிக்குத் திரும்புகிற இணைப்பைப் பார். டிக்கிக்குள் பின் விளக்கிலிருந்து வந்து பாடியில் போல்ட் போட்டிருக்கிற வயர், பெரும்பாலும் கறுப்பாக இருக்கும். கழற்றி, தகரம் பளிச்சென்று தெரியும் வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக முறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிடு. ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் படபடவென்று வேகமாக அடித்தால் அந்தப் பக்கம் பல்பு ஒன்று போயிருக்கும், இல்லையென்றால் அங்கேயும் எர்த்தாகத்தான் இருக்கும்.

பேட்டரி முனையில் பூத்திருக்கிற வெள்ளைக்கு வெந்நீரில் ஆப்பச்சோடா கரைத்து ஊற்றினால் போதும், நுரைத்துக்கொண்டு போய்விடும். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மைனஸை முதலில் கழற்று, மாட்டும்போது கடைசியில் மாட்டு. பிளஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். மோதிரத்தையும் கழற்றி வைத்துவிடு.

கண்ணாடி ஏற மாட்டேன் என்பதற்கு கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங் காய்ந்ததுதான் காரணம். துணியால் துடைத்துவிட்டு சிலிக்கான் ஸ்பிரே அடி. கிரீஸ், எஞ்சின் ஆயில் எதுவும் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும்.

பிரேக், ஸ்டீயரிங், பெட்ரோல் வாடை, இந்த மூன்றில் நீ கை வைக்காதே. லிஸ்டில் பிரேக்கின் வீல் சிலிண்டர் கசிவு என்று இருக்கிறதே, அதற்குக் காசைப் பார்க்காமல் மெக்கானிக்கிடம் விட்டுவிடு.

விற்பதைப் பற்றி என் அபிப்பிராயம் இது. 15 வருஷம் தாண்டின காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்ததை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். 20 வருஷம் தாண்டினதற்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். வலிக்கத்தான் செய்யும். ஆனால் ஒருதரம் கட்டினால் ஐந்து வருஷம், வருஷத்துக்கு 2,000 என்று வைத்துக்கொள். உழவர் சந்தைக்கும் ஒறம்பரை வீட்டுக்கும் போய்வர மூணு சிலிண்டர் வண்டி என்ன கேடு? 2014-ல் உற்பத்தியை நிறுத்தின பிறகும் சாமானுக்குப் பஞ்சமில்லை. அடித்தரையை மட்டும் கால்மிதியைத் தூக்கிப் பார். கட்டை விரலால் அழுத்தினால் தகரம் உள்ளே போகிற அளவுக்குத் துரு என்றால் பேச்சே வேண்டாம், கொடுத்துவிடு.

உக்கடம் பக்கம் போனால் பழைய சாமான் கடைகளில் 800-க்குக் கண்ணாடி சுற்றுகிற கைப்பிடி ஒன்று பார்த்து வை. இடதோ வலதோ ஒன்றுதான், பழசே போதும். நோம்பிக்கு வரும்போது எடுத்து வா.

உன் மச்சான்