டார்த் வேடர் பொம்மையை வாங்கும் முன்

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம்; நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாப்பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம் என்று பழம்பொருள் கடையில் நீ பார்த்து வைத்திருக்கும், ஸ்டார் வார்ஸ் படத்து வில்லன் டார்த் வேடரின் பொம்மையின் படங்கள் வந்து சேர்ந்தன. கடைக்காரர் நானூறு டாலர் கேட்பதாகவும், காலில் 1977 என்று பொறித்திருப்பதால் அது முதல் வருடத்துப் பொருள் என்று அவர் அடித்துச் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். அந்த எழுத்துக்காக ஒரு டாலர்கூட அதிகம் கொடுக்காதே என்பதுதான் என் கருத்து.

ஸ்டார் வார்ஸ் படம் 1977 மே மாதம் வெளியானது. அதற்குப் பொம்மை செய்யும் உரிமையைப் பெற்றிருந்த கென்னர் நிறுவனம், நீ இருக்கும் அதே ஒஹாயோ மாநிலத்தில், சின்சினாட்டியில் இருந்தது. படம் இப்படி ஓடும் என்று யாரும் எதிர்பார்க்காததால், அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குள் இந்தச் சிறிய உருவங்களில் ஒன்றைக்கூட அவர்களால் கடைக்குக் கொண்டுவர முடியவில்லை. பொம்மைகளைப் பிறகு அஞ்சலில் அனுப்புகிறோம் என்று உறுதி கூறும் சீட்டு வைத்த அட்டை உறையைத்தான் விற்றார்கள். அந்தச் சீட்டுக்காக 1978-இல் வீடு தேடி வந்த நான்கு பொம்மைகள், படத்தின் பாத்திரங்களான லூக், லேயா, செவ்பாக்கா, ஆர்டூ-டிடூ. வேடர் அதில் இல்லை. அவர் 1978-இல் கடைகளுக்கு வந்த முதல் பன்னிரண்டு உருவங்களில் ஒருவர். காலின் பின்புறம் 'ஜி.எம்.எஃப்.ஜி.ஐ.' என்ற எழுத்துகளோடு இருக்கும் 1977, அப்போது கென்னரைத் தன்வசம் வைத்திருந்த ஜெனரல் மில்ஸ் நிறுவனத்தின் பொம்மைப் பிரிவு பதித்த பதிப்புரிமை வருடம், அவ்வளவே. டையில், அதாவது பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சில், வெட்டிய எழுத்து, அந்த டை ஓடும் காலம் வரை ஒவ்வொரு வார்ப்பிலும் விழுந்துகொண்டுதான் இருக்கும். அம்பத்தூரில் அத்தனை வருடம் மோல்டிங் மெஷின்களுக்கு நடுவே நின்ற எனக்கு இதில் வியப்பே இல்லை. 1983-இல் வார்த்த வேடரின் காலிலும் அதே வருடம்தான் இருக்கும்.

உருவத்தைப் பொறுத்தவரை, நீ அனுப்பிய படங்களில் குறை சொல்ல அதிகம் இல்லை. கழுத்து, இரு தோள்கள், இரு தொடைகள் என ஐந்து இடங்களில் மட்டுமே அசையும் எளிய பொம்மை அது. படத்தில் வரும் படைவீரர்களின் வெள்ளை உருவங்களான ஸ்டார்ம்ட்ரூப்பர்கள் காலப்போக்கில் மஞ்சளித்துப்போய்ச் சேகரிப்பவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வதுபோல் வேடர் செய்வதில்லை. உடல் முழுவதும் கறுப்பு என்பதால் வயது தெரியாது. ஆனால் அதே கறுப்பில் தேய்மானம் பளபளப்பாகத் தெரியும். தலைக்கவசத்தின் உச்சியையும் மூக்குப் பகுதியையும் சாய்வான வெளிச்சத்தில் பார். மார்பிலுள்ள சிறு பெட்டியின் வண்ணப் பூச்சு எந்த அளவுக்கு மிஞ்சியிருக்கிறது என்றும் பார். கால்கள் தளர்ந்திருந்தால் பொம்மை தானாக நிற்காது. முன்பாதி, பின்பாதி என்று இரண்டாக வார்த்து ஒட்டிய உடல் அது. விலாவில் ஓடும் அந்த இணைப்புக் கோடு எங்காவது வாய் பிளந்திருந்தால், யாரோ அதைத் திறந்து கையையோ காலையோ மாற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

இருந்தாலும் விலையைத் தீர்மானிப்பது உடல் அல்ல. 1978-இல் மட்டும் கென்னர் நான்கு கோடிக்கும் மேற்பட்ட ஸ்டார் வார்ஸ் பொம்மைகளை விற்றதாகச் சொல்லப்படுகிறது. அதில் எல்லாக் குழந்தைகளும் கேட்டு வாங்கிய வில்லனின் உடல் கிடைப்பதற்கரிய பொருளாக எப்படி இருக்க முடியும்? குழந்தைகள் தொலைத்தது அவருடைய வாளையும் மேலங்கியையும்தான். வலது கையின் உள்ளே ஓடும் பள்ளத்தில் அந்தச் சிவப்பு வாள் பொருந்தியிருக்கும்; சிறு பிடியை விரலால் தள்ளினால் உள்ளங்கை வழியாக வெளியே நீளும். அதன் நுனி மிக மெல்லியது. அது முறிந்த வாளோடுதான் பெரும்பாலான வேடர்கள் இன்று சந்தைக்கு வருகிறார்கள், பாதிப் பேர் அதுவும் இல்லாமல்.

இந்த வாளில்தான் பெரிய பணம் ஒளிந்திருக்கிறது. தொடக்கத்தில் லூக், பென் கெனோபி, வேடர் ஆகிய மூவருக்கும் கென்னர் இரட்டை நீட்சி வாளை வைத்தது. கையிலிருந்து நீளும் குழலுக்குள்ளேயே இன்னொரு மெல்லிய தண்டு இருந்து, பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஏரியல்போல இரண்டாம் முறையும் நீளும். செய்வதற்குச் செலவு, எளிதில் உடையும் என்பதால் சீக்கிரமே அதைக் கைவிட்டு, நுனியும் தண்டும் ஒன்றாக வார்த்த வாளுக்கு மாறிவிட்டார்கள். லூக்கிடம் அந்தப் பழைய வாள் ஓரளவுக்காவது கிடைக்கிறது. வேடரிடமும் பென்னிடமும் மிக அரிது, விலையும் சாதாரண வாளுக்குரியதைப்போல் பல மடங்கு. உன் கடைக்காரர் "நீளும் வாள்" என்று சொன்னது எதை என்று கவனி. எல்லா வேடரின் வாளும் கையிலிருந்து நீளும். படத்தில் நான் பார்த்தவரை, தண்டிலிருந்து நுனிக்குப் போகும் இடத்தில் பிரிவு எதுவும் இல்லை, சரிவாகவே மெலிகிறது. அது ஒன்றாக வார்த்த சாதாரண வாள்.

அது அசல் சாதாரண வாள்தானா என்பது அடுத்த கேள்வி. இந்தப் பொம்மைகளுக்கான போலி ஆயுதங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன, பலர் போலி என்று சொல்லியே விற்கிறார்கள், ஆனால் கைமாறக் கைமாற அந்தச் சொல் காணாமல் போய்விடுகிறது. அசலையே மாதிரியாக வைத்து அச்செடுத்து வார்த்தால், ஆறும்போது பொருள் சுருங்கும். ஆகவே நகல் மயிரிழை அளவு சிறுத்து, விளிம்புகள் மழுங்கி, சில சமயம் ஓரத்தில் மெல்லிய பிசிறோடு வரும். பூதக்கண்ணாடி இருந்தால் இது தெரியும். தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் சோதனையைச் சிலர் சொல்வார்கள். அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதே. மேலங்கி கறுப்பு வினைல் தாளில் வெட்டியது. கை நுழையும் துளைகளின் ஓரம்தான் முதலில் கிழியும். நீ அனுப்பிய படத்தில் அந்த இடம் துளியும் கசங்காமல் இருப்பது எனக்கு நெருடுகிறது: உடலில் இத்தனை தேய்மானம் இருக்கும்போது, பலமுறை கழற்றி மாட்டியிருக்க வேண்டிய அங்கி மட்டும் எப்படிப் புதிதாக இருக்கிறது?

கடைக்கு வந்தபடியே அட்டையோடு, பொம்மையை மூடிய பிளாஸ்டிக் குமிழியைப் பிரிக்காமல் இருக்கும் பொம்மைகளின் கணக்கே வேறு. அவற்றுக்கு அட்டை, குமிழி, உருவம் என்று தனித்தனியாக மதிப்பெண் போட்டு, அக்ரிலிக் பெட்டியில் அடைத்துத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. உனக்கு அது தேவைப்படாது. ஒரு எச்சரிக்கை மட்டும்: பின்னாளில் கென்னரைத் தன்வசமாக்கிய ஹாஸ்ப்ரோ, 2019-இல் பழைய உருவங்களை அதே தோற்றத்தில் மறுபடியும் வெளியிட்டது, அட்டையைக்கூடத் தேய்ந்துபோனதுபோல அச்சிட்டிருந்தது. அட்டையோடு வேறொன்றைக் காட்டி ஆசை காட்டினால், பின்புறத்தில் ஹாஸ்ப்ரோவின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடு.

விலைக்கு வருகிறேன். அசல் வாளும் அசல் மேலங்கியும் கொண்ட, அட்டையில்லாத நல்ல வேடர் நூறு டாலருக்குள்ளேயே கிடைக்கிறார். மேலங்கி போலி என்றால் அதன் பாதிக்கு மேல் நான் கொடுக்க மாட்டேன். மாப்பிள்ளை இதை விற்கப் போவதில்லை, மேசையில் நிறுத்தி வைக்கப் போகிறார் என்பது எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் தேய்ந்த உடலைப் பொருட்படுத்தாதே, வாள் முழுமையாக இருப்பதையே முதன்மையாகக் கொள். கடைக்காரரிடம் வாக்குவாதம் செய்ய வேண்டாம். மேலங்கியைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேள். அதன் வெட்டு விளிம்பையும், வாளை முழுவதும் நீட்டியபின் நுனியையும், பகல் வெளிச்சத்தில் அருகிலிருந்து படமெடுத்து அனுப்பு. அவர் கழற்ற விடவில்லை என்றால் அங்கி போலி என்றே கணக்கு வைத்து விலை பேசு. நானூறிலேயே நின்றால் வைத்துவிட்டு வா. பிறந்தநாளுக்கு இன்னும் நாள் இருக்கிறது, உன் ஊர்ப் பக்கத்தில் இந்தப் பொம்மைக்குப் பஞ்சம் இருக்காது.

அன்புடன்,
அப்பா