கினாபாத்தாங்கான் கரையில் களையெடுக்கும் கைகளுக்கு

பத்து புத்தே என்னும் ஊரின் மாக் சிக் என்கிற அத்தைமார்களுக்கும், பாக் சிக் என்கிற மாமாக்களுக்கும், நாற்றங்காலில் வேலை செய்யும் பெண்களுக்கும், படகோட்டிகளுக்கும் வணக்கம்.

மலாய் மொழியில் ஒரு மடலை ஏற்கெனவே உங்கள் கையில் கொடுத்துவிட்டோம். இதைத் தமிழில் எழுதுவது, போர்னியோ தீவில் உள்ள மலேசிய மாநிலமான சபாவின் மழைக்காட்டில் தன்னார்வலராகச் சேர நினைக்கும் எங்கள் ஊர்க்காரர்களும் உங்கள் உழைப்பை அறிய வேண்டும் என்பதற்காக.

560 கிலோமீட்டர் ஓடும் கினாபாத்தாங்கான் ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஏறத்தாழ 26,000 ஹெக்டேர் காடு 2005இல் சரணாலயமானது. ஆனால் அது ஒரே காடு அல்ல, பத்துத் துண்டுகள். நடுவே எண்ணெய்ப்பனைத் தோட்டங்களும் ஊர்களும் இருக்கின்றன. ஒராங்ஊத்தானும் யானையும் துண்டுக்குத் துண்டு போக வேண்டுமானால் ஆற்றோரம் மரம் வேண்டும். அந்த மரத்தை வளர்ப்பவர்கள் நீங்கள். வருகிறவர்கள் நட்டுவிட்டு, படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறோம். அதன்பின் ஈராண்டு அந்த நாற்று உயிரோடு இருப்பது உங்கள் பாராங் கத்தியால்தான்.

முதல் நன்றி நாற்றங்காலுக்கு. காட்டு மரங்கள் பலவற்றின் விதை காய்ந்தால் முளைக்காது. சேமித்து வைக்க முடியாது. அதனால் தாய்மரத்தடியில் தானாக முளைத்த கன்றுகளைத் தாய்மண்ணோடு எடுத்து, இலைகளைப் பாதியாக நறுக்கி, ஈரம் போகாதபடி பிளாஸ்டிக் கூடாரத்தில் மூடிவைக்கச் சொல்லிக்கொடுத்தீர்கள். நறுக்காவிட்டால் அறுபட்ட வேர் உறிஞ்சுவதைவிட அதிக நீரை இலை வெளியே விட்டுவிடும், கன்று வாடிப்போகும். நடவுக்கு முந்தைய வாரங்களில் நிழல்வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குவதும் அப்படித்தான். நிழலிலேயே வளர்ந்த கன்றைத் திடீரென வெட்டவெளியில் வைத்தால் இலை கருகிவிடும்.

நீங்கள் லாரான் என்று அழைக்கும் மரம் எங்கள் முருகனின் கடம்பு. அந்தப் பெயரைக் கேட்டதும் எங்களுக்கு அந்தக் காடு அந்நியமாக இல்லாமல் போயிற்று. வேகமாக உயர்ந்து நிழல் தரும் மரம் அது. நிழல் விழுந்தால்தான் வெள்ளச் சமவெளியின் புல் அடங்கும். ஆற்றோரம் அத்தி நடுவது வேறு கணக்கு: பழம் தின்ன வரும் இருவாட்சி, வேறு மரங்களின் விதையைத் தன் எச்சத்தில் கொண்டுவந்து போடும்.

நடவில் நீங்கள் திருத்திய பிழைகளை அப்படியே எழுதுகிறோம். ஓரடி ஆழமும் ஓரடி அகலமும் உள்ள குழி. பிளாஸ்டிக் பையைக் கிழித்து முழுதும் எடுத்துவிட வேண்டும். அடிப்பகுதியை மட்டும் கிழித்துப் புதைத்தால் வேர் பைக்குள்ளேயே சுற்றிச் சுருண்டு, சில ஆண்டுகளில் மரம் சாய்ந்துவிடும். தாய்மண் உதிரக்கூடாது. தண்டின் அடி தரைமட்டத்தில் இருக்க வேண்டும், புதையக்கூடாது. 3 மீட்டருக்கு ஒன்றென வைத்தால் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 1,100 கன்றுகள். குட்டைக் கன்று வெள்ளத்தில் மூழ்கி, சேறு படிந்து அழுகும். இடுப்புயரத்துக்கு வளர்ந்ததே தாழ்ந்த நிலத்துக்கு ஏற்றது.

ஒவ்வொரு கன்றின் பக்கத்திலும் உயரமான கொம்பு நட்டு, பளிச்சென்ற நாடா கட்டச் சொன்னீர்கள். காரணம் பிறகுதான் புரிந்தது. இரண்டு மாதத்தில் புல் ஆள் உயரம் வந்துவிடுகிறது. களையெடுப்பவரின் கத்தியே கன்றை வெட்டிவிடுகிறது. யானை பிடுங்குவதும் மான் மேய்வதும் கண்ணுக்குத் தெரிகிற இழப்பு. கொடி சுற்றி நெரித்தும் கத்தி பட்டும் போகிற கன்றுகளை யாரும் கவனிப்பதில்லை. கன்றைச் சுற்றி அரை மீட்டர் வட்டம் சுத்தமாக்கி, வெட்டிய புல்லைத் தண்டில் படாமல் மூடாக்காகப் போடும் அந்த வேலை, வெயிலில் குனிந்தபடி நாள் முழுதும் செய்வது. அதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

துங்கோக் ஏரியை மூடியிருந்த சால்வினியா என்னும் மிதக்கும் நீர்க்களையைக் கையால் அள்ளி அகற்றியவர்களுக்கும் நன்றி. ஒரு கிள்ளு மிஞ்சினாலும் அது மீண்டும் பெருகும் என்பதால் அந்த வேலைக்கு முடிவே இல்லை.

படகோட்டிகளே, முதலை உள்ள ஆற்றில் கரையோரம் குனிந்து கைகழுவ ஒருவரையும் நீங்கள் விட்டதில்லை. அந்தக் கண்டிப்புக்கு நன்றி. காய்ச்சல் வந்தால் காட்டில் இருந்ததை முதலில் சொல்லச் சொன்ன சுகாதார ஊழியர்களுக்கும் நன்றி. குரங்கிடமிருந்து கொசு வழியாக வரும் நோலெசி மலேரியா சபாவில் உண்டு. அதன் ஒட்டுண்ணி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். நுண்ணோக்கியில் வீரியம் குறைந்த வேறொரு மலேரியா போலத் தெரிவதால் தவற விடுவது எளிது. ஊர் திரும்பியபின் வரும் காய்ச்சலுக்கும் இதே பேச்சுத்தான்: சென்னை மருத்துவரிடம் போர்னியோ என்ற பெயரைச் சொல்லுங்கள்.

செல்ல நினைக்கும் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. ஒராங்ஊத்தான் குட்டியைத் தூக்கிக் கொஞ்சலாம் என்று விளம்பரம் செய்யும் திட்டத்துக்குப் பணம் கட்டாதீர்கள். நம் சளி அதன் உயிரையே பறிக்கலாம். எத்தனை மரம் நட்டீர்கள் என்று கேட்பதைவிட, சென்ற ஆண்டு நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கின்றன, களையெடுக்க யாருக்குக் கூலி போகிறது என்று கேளுங்கள். உங்கள் கட்டணத்தில் அந்தக் கூலிக்குப் பங்கு இல்லையென்றால் வேறிடம் பாருங்கள்.

மாக் சிக், ரப்பர் பூட்ஸும் அட்டை கடிக்காமல் காக்கும் காலுறைகளும் கத்தி தீட்டும் அரங்களும் கொட்டகையில் வைத்திருக்கிறோம். அடுத்து வரும் எங்கள் குழு ஒரு கன்றும் நடாது. களையெடுக்க மட்டுமே வருகிறது.

தெரிமா காசே.

நன்றியுடன்,
தமிழ்த் தன்னார்வலர்கள்