28 கிலோ என்று எழுதிக் கொடுத்தும் விற்றீர்கள்: பணத்தைத் திருப்பித் தரவும்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள், லங்காவி

பொருள்: பாயார் தீவு ஸ்நோர்க்கலிங் (மாஸ்க் மாட்டிக் கடலில் மீன் பார்ப்பது), ஜிப்லைன் (கம்பியில் தொங்கிச் சறுக்குவது) சேர்ந்த ஒருநாள் பயணம், கட்டணத்தைத் திரும்பப் பெறுதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். முன்பதிவு ரசீது, நான் நிரப்பிக் கொடுத்த படிவத்தின் நகல், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் மறுபடியும் இணைத்திருக்கிறேன். எல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருப்பவைதான். ஆனால் ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் யாரோ ஒருவர் புதிதாக எடுத்து, "ரசீது நம்பர் சொல்லுங்க" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். அலுத்துப்போய்தான் இந்த முறை நேராக மேலாளருக்கே எழுதுகிறேன்.

கடல் கலங்கியிருந்ததற்காகவோ மழை பெய்ததற்காகவோ நான் பணம் கேட்கவில்லை. லங்காவியின் குவா ஊரிலுள்ள உங்கள் அலுவலகத்துத் தம்பி என் புகாரை அப்படித்தான் பதிவு செய்திருக்கிறார் என்று தெரிகிறது. "வானிலை காரணமாக வாடிக்கையாளர் அதிருப்தி" என்று உங்கள் பதிலில் ஒரு வரி வந்திருந்தது. வானிலை மீது எனக்கு எந்த அதிருப்தியும் இல்லை. நான் லங்காவி இருக்கும் இதே கெடா மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவள். செப்டம்பர், அக்டோபரில் மேற்குக் கரையில் மத்தியானம் மழை கொட்டும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

என் புகார் இதுதான். என் மகனின் எடை 28 கிலோ. உங்கள் படிவத்தில் எடைக்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 28 என்று தெளிவாக எழுதினேன். ஜிப்லைனில் 30 கிலோவுக்குக் குறைந்தவர்களை ஏற்றுவதில்லை. பிறகு எதற்காக அவன் பெயரில் முழுக் கட்டணம் வாங்கினீர்கள்? படிவத்தை யாருமே படிப்பதில்லை என்றால் எடை எதற்கு, வயது எதற்கு, காலணி அளவு எதற்கு?

ஜிப்லைன் ஊழியர்கள் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே இருந்த அண்ணன் ஒருவர் பொறுமையாக விளக்கினார். எடை குறைந்தவர்கள் வேகம் போதாமல் கம்பியின் நடுவிலேயே நின்றுவிடுவார்களாம், அப்புறம் ஒருவர் போய் இழுத்துவர வேண்டுமாம். விதி நியாயமானது. என் பிள்ளையின் பாதுகாப்புக்குத்தான் அது. ஆனால் அதை அவனுக்கு ஹெல்மெட் மாட்டி, இடுப்பில் பட்டை கட்டி, தராசில் ஏற்றிய பிறகா சொல்வது? ஒன்பது வயதுப் பையன். பட்டையை ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றும்போது அவன் முகத்தை உங்களில் யாராவது பார்த்திருக்க வேண்டும். அழவில்லை. "பரவாயில்லமா, நான் தண்ணி குடிச்சிட்டு உக்காந்திருக்கேன்" என்றான். அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

இதை எல்லாம் உங்கள் தம்பியிடம் சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? அது பிறகு. முதலில் காலையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறுபடியும் "விவரம் போதவில்லை" என்று பதில் வரும்.

காலை எட்டரைக்குப் படகுத்துறையில் இருக்கச் சொன்னீர்கள், இருந்தோம். படகு கிளம்பும்போது பத்தைத் தாண்டிவிட்டது. பாயார் தீவுக்குப் போகவே ஏறக்குறைய ஒரு மணி நேரம். திரும்பி வரவும் அவ்வளவு நேரம். மத்தியானத்துக்குமேல் ஜிப்லைன் இருப்பதால் குறித்த நேரத்தில் கிளம்பியே ஆக வேண்டும் என்று உங்கள் வழிகாட்டி அவசரப்படுத்தினார். தாமதம் உங்களுடையது, வெட்டியது எங்கள் நேரத்தில். விளம்பரத்தில் போட்ட இரண்டரை மணி நேர ஸ்நோர்க்கலிங்கில் பாதிகூடக் கிடைக்கவில்லை. அதிலும் என் மகளுக்குக் கொடுத்த மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு கிழிந்திருந்தது. ஒவ்வொரு முறை குனியும்போதும் மூக்குக்குள் உப்புத் தண்ணீர். வேறு கேட்டால் "எல்லாம் அதே மாதிரிதான்" என்று பதில். என் கணவரின் லைஃப் ஜாக்கெட்டில் ஒரு கொக்கி உடைந்து, அதற்குப் பதிலாகச் சிவப்பு ராஃபியா கயிறு கட்டியிருந்தது. பசார் மாலாம் இரவுச் சந்தையில் பொட்டலம் கட்டுவார்களே, அந்தக் கயிறு! புகைப்படம் இணைத்திருக்கிறேன். இதற்கு உங்கள் பதிலில் ஒரு வார்த்தைகூட இல்லை. நாளைக்கு யாருக்காவது ஏதாவது ஆனால் அந்தக் கயிற்றைத்தான் காட்டப் போகிறீர்களா?

தண்ணீர் கலங்கியிருந்ததால் மீன் எதுவும் கண்ணில் படவில்லை. உடனே உங்கள் வழிகாட்டி ரொட்டியைப் பிய்த்துப் போட்டு மீன்களை வரவழைத்தார். அது கடல் பூங்கா. மீன் பிடிக்கவே கூடாத இடம். அங்கே தீனி போடக் கூடாது என்று என் மகள் பள்ளியில் படித்துவிட்டு வந்து அவரிடமே கேட்டாள், அவர் சிரித்தார். கரையோரம் முழங்கால் தண்ணீரில் கருப்புத் துடுப்புச் சுறாக் குட்டிகள் இரண்டு வந்து சுற்றின. அதுதான் அன்றைக்கு நாங்கள் பார்த்த ஒரே நல்ல விஷயம், அதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

கடல் பூங்காக் கட்டணம் இன்னொரு கதை. நாங்கள் போனபோது மலேசியருக்கு 5 ரிங்கிட், வெளிநாட்டவருக்கு 30 ரிங்கிட். மலேசியர் என்று காட்டும் அடையாள அட்டையான மைகார்டை நீட்டிக்கொண்டு நின்றும் எங்களிடம் வாங்கியது 30. கேட்டதற்கு, "குரூப்பா போட்டுட்டோம், அப்புறம் கழிச்சுக்கலாம்" என்றார்கள். எப்போது கழிப்பீர்கள்? முகத்தைப் பார்த்தே எங்களை எந்த நாட்டுக் கணக்கில் சேர்த்தீர்கள் என்பதையும் தயவுசெய்து தெரிவிக்கவும்.

அப்புறம் காலணி. "சிலிப்பர் போதும்" என்று உங்கள் வாட்ஸ்அப் பட்டியலில் இருக்கிறது, படம் பிடித்து வைத்திருக்கிறேன். ஜிப்லைன் இருக்கும் தெலாகா தூஜோவுக்குப் போனால் மூடிய காலணி இல்லாமல் மேலே விட மாட்டார்கள். யாரோ போட்டுக் கழற்றிய ஈரக் காலணியை ஒரு ஜோடி 10 ரிங்கிட் வாடகை கொடுத்து வாங்கினோம். என் கணவரும் மகளும் மேலே ஏறி மூன்றாவது கம்பியை முடிப்பதற்குள் இடி இடிக்க ஆரம்பித்தது. இடி இடித்தால் நிறுத்துவதுதான் முறை, மரத்துக்கு மரம் கட்டிய கம்பியில் யாரும் ஆளை விட மாட்டார்கள். மழைக்காலத்தில் காலையில் கடலையும் மத்தியானத்தில் கம்பியையும் வைத்து, இடையில் ஒரு நிமிடம்கூட மிச்சமில்லாமல் திட்டம் போட்டது யார்? அவருக்கு லங்காவியைத் தெரியுமா? காத்திருந்த நேரத்தில், மச்சின்சாங் மலைப் பாறைக்கு ஐம்பது கோடி ஆண்டுக்கு மேல் வயது என்று வழிகாட்டி பெருமையாகச் சொன்னார். எங்கள் பணம் வந்து சேரவும் அவ்வளவு காலம் ஆகும் என்று அப்போது தெரியாமல் போயிற்று.

இனி அந்தத் தம்பி.

தொலைபேசியில் எத்தனை முறை அழைத்தாலும் வெள்ளிக்கிழமை என்றால் "லங்காவி ஆபிஸ்தான் உறுதிப்படுத்தணும், இன்னிக்கு அங்க லீவு" என்று கோலாலம்பூரில் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் "பணம் கோலாலம்பூர்லதான், இன்னிக்கு அங்க லீவு" என்று லங்காவியில் சொல்கிறார்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. கோலாலம்பூரில் சனி, ஞாயிறு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒளிந்துகொள்ள நல்ல வசதிதான். கடைசியில், அசல் ரசீதுடன் குவா கவுண்டருக்கு நேரில் வந்தால் அன்றே முடித்துத் தருகிறோம் என்று நீங்களே எழுதியதால் கிளினிக்கில் விடுப்பு எடுத்து வந்தேன். சுங்கை பட்டாணியிலிருந்து கோலா கெடா வரை கார், அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குமேல் ஃபெர்ரி. ஒரு ரசீதைக் காட்டுவதற்கு.

உங்கள் தம்பி நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் பேசப் பேச வெட்டினார். டக், டக் என்று துண்டுகள் உங்கள் சொந்த விளம்பரத் தாளின் மேலேயே விழுந்தன. ரசீதை நீட்டினேன், நகவெட்டியின் முனையால் என் பக்கமே தள்ளிவிட்டார். "கடல் கலங்கினா நாங்க என்ன அக்கா பண்றது? அடியில வடிகட்டியா போட முடியும்?" என்றார். பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நான் கடலைப் பற்றிப் பேசவே இல்லை! எடையைப் பற்றிக் கேட்டேன். "அப்ப பையனுக்கு நல்லா சோறு போட்டுக் கூட்டிட்டு வாங்கலா" என்றார்.

இதை நான் எழுதும்போதே கை நடுங்குகிறது. என் பிள்ளைக்கு நான் சோறு போடுவதில்லையா? பதினேழு வருடம் தாதியாக வேலை செய்கிறேன். எத்தனையோ பேர் எத்தனையோ எரிச்சலோடு என் முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். ஒருவரிடமாவது இப்படிப் பேசியிருந்தால் மறுநாளே விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்திருக்கும். அவரை அக்கா, தம்பி என்று உறவு சொல்லிக் கூப்பிடப் பழக்கியது யாரோ, மரியாதையையும் சேர்த்துப் பழக்கியிருக்கலாம்.

அதோடு விட்டாரா? "ஜிப்லைன் வேற கம்பெனி, அங்க போய்க் கேளுங்க" என்று அனுப்பினார். குவா இருப்பது தீவின் ஒரு மூலையில், தெலாகா தூஜோ இன்னொரு மூலையில். கிராப் வாடகைக் கார் எடுத்துப் போனேன். அங்கே மரியாதையாகத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, "நீங்கள் பணம் கட்டியது எங்களுக்கு இல்லை, குவாவில்தான் கேட்க வேண்டும்" என்றார்கள். திரும்பி வந்தால் கவுண்டரில் இரும்புக் கதவு இறங்கியிருந்தது. கடைசி ஃபெர்ரியை ஓடிப்போய்ப் பிடித்தேன்.

அடுத்த வாரம் உங்களிடமிருந்து மின்னஞ்சல்: "நல்லெண்ண அடிப்படையில்" 50 ரிங்கிட் வவுச்சர். உங்களிடமே மறுபடி முன்பதிவு செய்ய வேண்டும், மூன்று மாதத்துக்குள், பள்ளி விடுமுறையில் செல்லாது. பள்ளி விடுமுறை இல்லாமல் பள்ளிப் பிள்ளைகளை எப்போது கூட்டி வருவது? வவுச்சரை வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தம்பிக்குப் புது நகவெட்டி வாங்கலாம்.

சரி, கணக்கு. நான்கு பேருக்குக் கட்டியது 1,180 ரிங்கிட். அதிகம் வாங்கிய பூங்காக் கட்டணம், காலணி வாடகை, ஹோட்டல், இரண்டு முறை ஃபெர்ரி, கிராப், விடுப்பு, தொலைபேசிச் செலவு. இவற்றுடன் என் மகளுக்கு இனி கடல் என்றாலே வேண்டாம் என்று ஆகிவிட்டது, என் மகன் தினமும் தராசில் ஏறிப் பார்க்கிறான், வருடத்துக்கு ஒரு முறை கிடைக்கும் எங்கள் குடும்ப விடுமுறை மண்ணாய்ப் போனது. எப்படிப் பார்த்தாலும் ஐயாயிரம் ரிங்கிட்டுக்குக் குறையாத நஷ்டம். இருந்தாலும் பெருந்தன்மையாக, கட்டிய 1,180 ரிங்கிட்டையும் பூங்காக் கட்டண வித்தியாசத்தையும் காலணி வாடகையையும் மட்டுமே கேட்கிறேன். அத்துடன் எழுத்துப்பூர்வமான மன்னிப்பு, அது என் மகன் பெயருக்கு வர வேண்டும்.

நல்லபடியாகவே முடித்துக்கொள்ள விரும்புகிறேன். உங்களுக்கும் நல்ல பெயர், எனக்கும் நிம்மதி. 14 நாட்களுக்குள் பணம் வராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் படிவம் 1ஐ நிரப்பிக் கொடுப்பேன். 50,000 ரிங்கிட் வரை அங்கே கோரலாம், வக்கீல் தேவையில்லை, மனுக் கட்டணம் 5 ரிங்கிட். உங்கள் ஈரக் காலணியின் வாடகை அதைவிட அதிகம். ராஃபியா கயிறு கட்டிய லைஃப் ஜாக்கெட்டின் படம், உங்களுக்கு உரிமம் கொடுத்த சுற்றுலா அமைச்சுக்குத் தனியாகப் போகும். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

என்னை அழைப்பதானால் மாலை 5 மணிக்குப் பிறகு அழையுங்கள், பகலில் கிளினிக்கில் கைப்பேசியை எடுக்க முடியாது. அழைப்பவர் என் ரசீதையும் படிவத்தையும் முன்னால் வைத்துக்கொண்டு அழைக்கட்டும். குவா கவுண்டர் தம்பி வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சுங்கை பட்டாணி, கெடா

இணைப்பு: ரசீது, படிவத்தின் நகல் (எடைக் கட்டத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறேன்), வாட்ஸ்அப் படங்கள், லைஃப் ஜாக்கெட் புகைப்படம்