அவன் சொன்ன ‘நாங்கள்’

அன்புள்ள ரங்கா,

எட்டு மாதம் வாய்மூடி இருந்தவன் திடீரென்று பக்கம் பக்கமாக எழுதுகிறானே என்று நீ சிரிப்பாய், சிரித்துவிட்டுப் படி. முழங்காலைத் தவிர இங்கு எல்லாம் நலம்.

சென்ற வாரம் கணக்கு வாத்தியாரின் பேரன் வந்திருந்தான். வேலை தேடி அலுத்து, ஓராண்டாக அறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்த 22 வயதுப் பையன், நிமிர்ந்து உட்கார்ந்து பேசியதைக் கண்டு முதலில் மகிழ்ந்துபோனேன். ஆனால், எப்போதும் என்னையும் சேர்த்து ‘நாம்’ என்று பேசுகிறவன் அன்று மாலை முழுவதும், புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு தீவிரவாதக் கூட்டத்தைச் சொல்லி ‘நாங்கள்’ என்றே பேசினான். அவர்களுடைய வன்முறையைப் பற்றிக் கேட்டபோது, சட்டைப் பொத்தானைத் திருகியபடி, “வேறு வழி வைத்தார்களா?” என்றான். குரலில் கோபம்கூட இல்லை.

“மூளை கெட்டுவிட்டதா?” என்று கத்தினேன். என்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது, ஏனென்றால் அது மூளைக்கோளாறு அன்று. வன்முறை இயக்கங்களில் சேர்ந்த 172 பேரின் வாழ்க்கையை ஆராய்ந்து 2004இல் எழுதிய மனநல மருத்துவர் மார்க் சேஜ்மன், அவர்களில் பெரும்பாலோரிடம் மனநோயைக் காணவில்லை. கொள்கைக்கு முன்பே நட்பு அவர்களை இழுத்திருந்தது. தானும் ஒரு பொருட்டாக வேண்டும் என்ற தவிப்பே வேர் என்கிறார் உளவியலாளர் ஆரி குருக்லான்ஸ்கி. அவமானப்பட்டவனிடம் ஒரு கூட்டம் வந்து, ‘உன் அவமானம் எங்கள் அவமானம், அதற்குக் காரணம் இன்னார்’ என்று சொன்னால், அந்தத் தவிப்புக்கு அன்றே தீனி கிடைத்துவிடுகிறது.

பிரித்துவைப்பதற்குப் பகைகூடத் தேவையில்லை. ஹென்றி தாஜ்ஃபெல் 1970இல் வெளியிட்ட சோதனையில், எந்த ஓவியரைப் பிடிக்கும் என்பதைச் சாக்காக வைத்துப் பள்ளிச் சிறுவர்கள் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். தம் அணிக்குக் கிடைப்பது குறைந்தாலும் எதிரணியைவிட மிஞ்சியிருக்க வேண்டும் என்றே பலர் பங்கிட்டார்கள். நம் வாலிபால் அணியை நினைத்துப்பார், நாம் மட்டும் என்ன யோக்கியர்களா?

அவன் வீட்டில் கைப்பேசியைப் பிடுங்கிவிட்டார்கள். இருந்த பிடிமானமும் போனால் அந்தக் கூட்டம்தான் அவனுக்கு மிஞ்சும். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் காவல்துறையும் நகராட்சியும் சேர்ந்து, இத்தகைய இளைஞர்களுக்குப் படிப்பு, வேலை, வீடு தேட உதவி, கூடவே ஒரு வழிகாட்டியையும் அமர்த்துகிறார்கள். யாரையாவது தாக்கத் திட்டமிடுகிறான் என்று தெரிந்தால் நானும் காவல்துறையிடம் சொல்லத் தயங்க மாட்டேன். இன்னும் அந்தக் கட்டம் வரவில்லை என்றே நம்புகிறேன்.

உன்னிடம் பாதியில் நிறுத்திய சதுரங்க ஆட்டம் ஒன்று இருப்பதாக, கிளம்பும்போது அவனாகவே சொன்னான். அரசியலைத் தொடாமல், உன் அடுத்த நகர்த்தலை மட்டும் அவனுக்கு எழுது. அந்தக் குதிரைக் கதையை மட்டும் மறுபடி ஆரம்பித்துவிடாதே.

உன்,
சேது