பதினேழா, பதினெட்டா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையில் 31 வருடமாக மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். போன மாதம் எங்கள் பக்கத்து மண்டபம் ஒன்றில் பட்டா சம்பந்தமாகக் கூட்டம் நடந்தது. காகிதங்களோடு முகாமுக்கு வர வேண்டிய தேதியை மைக்கில் இரண்டு முறை சொன்னார்கள். காசிமேட்டில் மீன் விற்கும் என் அண்ணி பதினெட்டாம் தேதி போய் நின்றார். முகாம் பதினேழாம் தேதியே முடிந்துவிட்டது. அவரோடு இன்னும் ஏழெட்டுப் பெண்கள் ஏமாந்து திரும்பினார்கள். ‘சரியா காதுல வாங்காம வந்துட்டு…’ என்று அங்கே ஒருவர் சலித்துக்கொண்டாராம். விடியற்காலை ஏலத்தில் அத்தனை கூச்சலுக்கு நடுவே விலையைப் பிடிக்கிற காது அவர்களுடையது.

மறுநாள் அந்த மண்டபத்துக்குப் போய்க் கை தட்டிப் பார்த்தேன். சத்தம் அடங்க மூன்று வினாடி ஆனது. பேச்சு புரிய வேண்டுமானால் ஒரு வினாடியை ஒட்டி அடங்க வேண்டும். தரை கிரானைட், சுவரில் தோள் உயரத்துக்கு டைல்ஸ், மேலே கான்கிரீட். ஒலியைக் குடிக்க அங்கே எதுவுமே இல்லை. ‘எட்டு’ என்று சொல்லிப் பாருங்கள், ‘ட்’ வரும் இடத்தில் நாக்கு அடைத்து, கண்ணிமைக்கும் நேரம் மௌனமாகிறது. அதை வைத்துத்தான் காது அது எட்டு என்று தெரிந்துகொள்கிறது. முந்தின எழுத்தின் எதிரொலி வந்து அந்த மௌனத்தை நிரப்பிவிட்டால் ஏழும் எட்டும் ஒன்றுதான். கேட்கவில்லை என்று யாராவது கை தூக்கினால் வால்யூமைக் கூட்டுகிறார்கள். கூடவே எதிரொலியும் கூடுகிறது.

அப்புறம் ஃபேன். 1200 எம்.எம். ஃபேன் நிமிடத்துக்கு 360 சுற்று சுற்றினால் இறக்கையின் நுனி மணிக்கு சுமார் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழிக்கிறது. இறக்கையின் ஓரத்திலும் நுனியிலும் காற்று சுழித்து எழுப்பும் ‘உஸ்’ சத்தம் நம் ச, த போன்ற மெல்லிய ஒலிகளை அப்படியே மூடிவிடும். ஏணி போட்டு ஒரு இறக்கையைத் துடைத்தேன். காற்றை வெட்டுகிற முன் ஓரத்தில் மட்டும் லாரிப் புகையும் தூசியும் பிசுக்காகக் கட்டியிருந்தது. வழுவழுப்பாக ஓட வேண்டிய காற்று அங்கேயே கலைந்து இரைச்சலாகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகக் குறையும், ஆனால் இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். அறிவிப்பு நேரத்திலாவது ரெகுலேட்டரைத் திருப்பலாமே!

1895-இல் ஹார்வர்டில் இதேபோல் பேச்சு புரியாத ஒரு வகுப்பு மண்டபத்தைச் சரிசெய்ய வாலஸ் சபின் என்ற பேராசிரியர் இறங்கினார். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். வெறும் மண்டபத்தில் ஐந்தரை வினாடி, மெத்தை சேரச் சேரக் குறைந்தது. நமக்கும் வழி அதுதான். பின்சுவரில் நாலு விரல் இடைவெளி விட்டுத் தென்னைநார்ப் பாய்களைக் கட்டலாம், ஜன்னலுக்குக் கனமான திரை போடலாம். தெர்மோகோல் ஒட்டிப் பணத்தை வீணாக்க வேண்டாம், அது எதிரொலியை அவ்வளவாக உறிஞ்சாது.

மேடையில் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பாக்ஸை வைத்து அலறவிடுவதை விட்டு, சின்ன பாக்ஸ்களை ஜனங்களுக்குப் பக்கத்தில் கட்டிக் குறைவான சத்தத்தில் வைக்க வேண்டும். ‘தும் தும்’ என்று அதிரும் பேஸ் ஒலியைக் குறைக்க வேண்டும். பாட்டுக்காகப் போட்ட எக்கோவைப் பேச்சு தொடங்கும்போது நிறுத்த வேண்டும். என் தொழில்காரர்களே இதை மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

முகாம் நடத்துகிறவர்கள் தேதியை வாசலில் பெரிய எழுத்தில் எழுதியும் வையுங்கள். எங்கள் பகுதியில் அடுத்த கூட்டம் எப்போது என்று ஒரு நாள் முன்னால் சொன்னால் போதும். என்னிடம் ஆறு சின்ன பாக்ஸ் இருக்கிறது, வாடகை வாங்காமல் நானே வந்து கட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
மைக் செட்காரர்,
தண்டையார்பேட்டை, சென்னை.